பெரிய எழுத்து வேதாகமம்: எட்டு மாதம் வாசித்த பிறகு

போன ஆகஸ்டில் கண் டாக்டர் எனக்குக் குளுக்கோமா என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு வயது 63. அன்று ராத்திரி, கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த வேதபுத்தகத்தைத் திறந்தால் வரியெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மறுவாரமே பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் இந்தப் பெரிய எழுத்துப் பதிப்பை வாங்கினேன்.

எழுத்துக்கு முழு மார்க் கொடுப்பேன். மை நல்ல கறுப்பு, வரிகளுக்கு நடுவே இடம் தாராளம். 1871-இல் வந்த அதே பழைய மொழிபெயர்ப்புதான், மனப்பாட வசனம் ஒரு சொல்கூட மாறவில்லை. குறைகளும் உண்டு. மடியில் வைத்து அரைமணி வாசித்தால் தொடை வலிக்கிறது, மேசை வேண்டும். தாள் மெல்லிசு, பின்பக்கத்து எழுத்து நிழலாகத் தெரியும். இயேசுவின் வார்த்தைகளைச் சிவப்பில் அச்சடித்திருக்கிறார்கள். என்னைப் போன்ற கண்ணுக்கு அது விளக்கு வெளிச்சத்தில் மங்கல். சுவிசேஷங்களைப் பகலிலேயே வாசித்துவிடுகிறேன். மூன்றாம் மாதமே முதுகுப்பக்கத் தையல் விட்டு, ஆதியாகமத்தின் முதல் தாள்கள் கழன்றன. இந்த விலைக்கு அப்படி ஆகியிருக்கக் கூடாது.

ஆனால் இந்தப் புத்தகம் எனக்குத் தந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சங்கீதங்களுக்கு மேலே பொடி எழுத்தில் தலைப்புக் குறிப்பு இருக்குமே, பழைய புத்தகத்தில் நான் அதை ஒருநாளும் வாசித்ததில்லை. இதில் அது கண்ணில் பட்டது. 56-ம் சங்கீதம், எதிரிகளான பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று சிறுபிள்ளையில் ஞாயிறு பள்ளியில் ஒப்பித்த வசனம் இங்கேதான் இருக்கிறது. உடனே சாமுவேல் முதல் புத்தகம் 21-ம் அதிகாரத்தைத் திருப்பினேன். கோலியாத் என்ற பெலிஸ்த மாவீரனை விழத்தட்டினவர், அவனுடைய சொந்த ஊரிலேயே ராஜாவுக்கு மிகவும் பயந்து, பைத்தியம்போல் கதவைக் கீறி, தாடியில் நுரை வழிய நிற்கிறார். அந்த மனுஷர்தான் 'பயப்படுகிற நாளில்' என்கிறார். பயம் போனபிறகு நம்புவேன் என்று சொல்லவில்லை.

அதுவரை என் பயத்தைவிட, பயப்படுகிறேனே என்ற குற்ற உணர்வுதான் என்னைத் தின்றது. "பயப்படுகிறவன் அன்பில் பூரணப்பட்டவன் அல்ல" என்ற யோவானின் வசனம் முள்ளாய்க் குத்தும். சபையில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அதற்கு அடுத்த வசனத்தையும் சேர்த்தே வாசிக்கிறேன்: அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தார். என் அன்பு பூரணமாகட்டும் என்று தேவன் காத்திருக்கவில்லை.

ஜனவரியில் பார்வைப் பரப்புப் பரிசோதனை. இருட்டறை, ஒரு கண்ணை மூடிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒன்றுக்குள் பார்க்கச் சொல்வார்கள். எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வெகுநேரம் ஒன்றும் மின்னாதபோது, மின்னவில்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா என்று உள்ளங்கை வியர்த்தது. நடுங்கிக்கொண்டேதான் அந்த 'பயப்படுகிற நாளில்' வசனத்தைச் சொன்னேன். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் தனியாக இருக்கவில்லை; அது எனக்கு நிச்சயம்.

அதே சங்கீதத்தில், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்கிறார் தாவீது. துருத்தி என்றால் இங்கே தோல் பை. ராத்திரி மருந்தைச் சொட்டிவிட்டுக் கண்ணை மூடிப் படுக்கும் அந்த ஐந்து நிமிடமும் இதுதான் என் ஜெபம்.

கண் மங்கும் அம்மா அப்பாவுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கடையிலேயே தையலை விரித்துப் பாருங்கள், ஒரு மேசையையும் ஒழித்துக் கொடுங்கள். நாடா ஒன்றுதான் இருக்கிறது. அது 56-ம் சங்கீதத்திலேயே கிடக்கிறது. அன்றாட வாசிப்புக்குப் பால் கார்டை அடையாளம் வைத்துக்கொள்கிறேன்.