கீழாநெல்லிக் கட்டோடு ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போய்வந்தேன்

காரைக்குடியில் நாட்டு மருந்துக் கடை நடத்திவருகிறேன். மழைக்குப் பிறகு கண்மாய்க் கரைகளிலிருந்து கட்டுக்கட்டாகக் கீழாநெல்லி வரும். இந்த முறை வந்த ஒரு கட்டின் இலை எனக்கு உறுத்தலாகவே பட்டது. காய்ந்து நொறுங்கிய சரக்கைக் கண்ணால் பார்த்து மட்டும் உறுதிசொல்ல இயலாததால், கட்டணம் பெற்று மூலிகைகளைச் சோதித்துத் தரும் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்கைப்பொருள் மருந்தாய்வுக் குழுவை நாடினேன்.

அங்கே நம்மை முதலில் எதிர்கொள்பவர் தாவரவியலாளர். எந்த ஊர்க் கண்மாய், எந்த மாதம் பறித்தது, நிழலில் உலர்த்தியதா வெயிலிலா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, வேரும் காயுமாக ஒரு பச்சைச் செடியும் வேண்டும் என்றார். மறுவாரம் அதே இடத்திலிருந்து கொண்டுபோன செடியைத் தாளில் பரப்பிக் காட்டினார். கீழாநெல்லியில் காய்கள் சிறுகிளையின் அடிப்புறத்தில் வரிசையாகத் தொங்கும். இதிலோ அடி குறுகிய இலைகள் தண்டைச் சுற்றியே அமைந்திருந்தன. "இது மேலாநெல்லி, ஐயா" என்றார். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று கலந்து விற்பனைக்கு வருவது நெடுநாளைய சிக்கல். அந்தச் செடியை அழுத்தி உலர்த்தி, எண்ணிட்டுப் பாதுகாத்துவைத்தார்கள். பின்னாளில் யார் கேட்டாலும், எந்தச் செடியைச் சோதித்தோம் என்பதற்கு அதுவே சான்று.

உலர்ந்த கட்டைச் சோதித்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. மெத்தனால் என்னும் கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாற்றை, வெந்நீர்த் தொட்டியில் சுழலும் கண்ணாடிக் குடுவையில் வற்றவைத்துக்கொண்டிருந்தார். கஷாயம் போலக் கொதிக்கவிட்டால் என்ன என்று கேட்டேன். குடுவைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் 65 பாகை செல்சியசை ஒட்டிக் கொதிக்கும் மெத்தனால் 40 பாகையிலேயே ஆவியாகிவிடும் என்றும், சூடு மிகுந்தால் சில சேர்மங்கள் சிதைந்துவிடும் என்றும் பொறுமையாக விளக்கினார். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தைக் கண்டறிந்து 2015இல் நோபல் பரிசு பெற்ற சீன விஞ்ஞானி தூ யூயூ, கொதிக்கவைப்பதை விட்டு, 35 பாகையில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்த பிறகே பலன் கண்டார் என்பதையும் அவர்தான் சொன்னார்.

பிறகு, உண்மையான கீழாநெல்லிச் சாற்றையும் என் சரக்கின் சாற்றையும் சிலிக்கா பூசிய ஒரு தகட்டின் அடியில் அருகருகே பொட்டாக வைத்து, கரைப்பானில் நிறுத்தினார். கரைப்பான் தகட்டில் மேலேறும்போது சாற்றிலுள்ள ஒவ்வொரு பொருளையும் ஒவ்வோர் உயரத்துக்கு இழுத்துச் செல்லும். வனிலின் கலந்த கந்தக அமிலம் தெளித்துச் சூடாக்கியதும், இரண்டு சாறுகளின் நிறப் புள்ளிகளும் வெவ்வேறு உயரங்களில் எழுந்து நின்றன. என் கண் முன்னே நடந்த அந்தச் சோதனைக்குப் பிறகு எனக்கு ஐயமே எழவில்லை.

இக்குழுவின் மீது எனக்கு மதிப்பு உயர்ந்த இடம் வேறு. நல்ல சரக்கு ஒன்றுக்கு, "மஞ்சள் காமாலையைத் தீர்க்கும்" என்று எழுதித் தர முடியுமா எனக் கேட்டேன், பேராசிரியர் மறுத்துவிட்டார். இது இன்ன செடி என்பதை மட்டுமே இந்தச் சோதனை சொல்லும் என்றும், நோயைத் தீர்க்குமா என்பதை உயிரணுக்களிலும் விலங்குகளிலும் பின்னர் மனிதர்களிடமும் படிப்படியாகச் சோதித்த பிறகே சொல்ல இயலும் என்றும் அவர் தெளிவாகக் கூறினார். சான்றிதழை வாங்கிச் சுவரில் மாட்டுவதற்காக மட்டும் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்; மருந்து விற்கிற எனக்கு அந்த மறுப்பே பெரிய நம்பிக்கையைத் தந்தது.

குறைகளும் உண்டு. இரண்டு வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஐந்தாவது வாரத்தில்தான் கைக்கு வந்தது. இடையில் ஒரு தகவலும் இல்லை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால், செடி பறித்துத் தரும் பெண்களுக்கு நானே உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. தமிழில் அரைப் பக்கச் சுருக்கம் சேர்த்தால் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

போக விரும்புகிறவர்கள் பொடியை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டாம். வேர், பூ, காய் மூன்றும் உள்ள பச்சைச் செடியை ஈரத் தாளில் சுற்றிக் காலையிலேயே கொண்டுசெல்லுங்கள்; தாவரவியலாளர் முற்பகலில்தான் இருக்கிறார்.