மூன்று நிமிட ஆட்டத்தைத் திருத்த லிசெஸ் போதுமா?

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரல் வருவதற்குள் மூன்று, நான்கு பிளிட்ஸ் ஆட்டம் (ஆளுக்குச் சில நிமிடமே உள்ள வேகச் செஸ்) முடிந்துவிடும். தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் போனில் செஸ் ஆடுகிற கூட்டம் இருக்கிறது. ஆடியதைத் திரும்பப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. தோற்றவுடன் விரல் அடுத்த ஆட்டத்துக்குப் போகிறது, ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ரேட்டிங் வருடக்கணக்கில் 1400-லேயே நிற்கிறது. இவர்களுக்கு லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் காசு வாங்காமல் கிடைக்கும் அலசல் வசதிகள் போதுமா என்பதுதான் கேள்வி. 2000 ரேட்டிங்குக்குக் கீழே ஆடுகிற எவருக்கும் தாராளமாகப் போதும். ஆனால் முதலில் எதைத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன் இருக்கிறது. பெரும்பாலானோர் தப்பான இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

லிசெஸ், திபோ டுப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் 2010-ல் தொடங்கியது. விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அலசல் கேட்டால், தன்னார்வலர்கள் இரவல் கொடுத்திருக்கும் கணினிகளில் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் (செஸ் நிலைகளை அலசும் நிரல்) ஓடி, முடிவு நம் போனுக்கு வந்து சேரும். சுமாரான போன் வைத்திருப்பவருக்கும் அதே தரத்தில் அலசல் கிடைப்பது பெரிய விஷயம்.

அலசல் வந்ததும் எல்லோருடைய கண்ணும் போவது துல்லிய சதவீதத்துக்கும் சிவப்பில் வரும் பிளண்டர் (பெருந்தவறு) எண்ணிக்கைக்கும். பிளிட்ஸுக்கு இந்த இரண்டும் அரைகுறையான சாட்சிகள். எதிராளி 12-வது நகர்த்தலில் ராணியைக் காவலில்லாமல் தொங்கவிட்டால் யாருக்கும் 95 சதவீதம் வரும். பிளண்டர் கணக்கும் காய் மதிப்பை நேராக எடுப்பதில்லை. அந்த நகர்த்தலால் வெற்றி வாய்ப்பு எவ்வளவு சரிந்தது என்பதைத்தான் எடுக்கிறது. சமநிலையில் ஒரு குதிரையை விட்டால் சிவப்பு விழும். +9-ல், அதாவது ஒன்பது சிப்பாய் மதிப்பு முன்னிலையில் இருக்கும்போது அதே அளவு விட்டு +6-க்கு வந்தால் வெறும் சிறு பிசகு என்றே காட்டும், ஏனென்றால் ஜெயிக்கும் வாய்ப்பு இன்னும் 90 சதவீதத்தில் இருக்கிறது. கடிகாரத்தில் 4 விநாடி இருந்ததா 90 விநாடி இருந்ததா என்பது இந்தக் கணக்கில் சேராது. ஆனால் பிளிட்ஸில் முடிவைப் பாதி நேரம் எழுதுவது அதுதான்.

அதனால் முதலில் திறக்க வேண்டியது அலசல் பக்கத்தில் பலகைக்குக் கீழே இருக்கும் நகர்த்தல் நேரப் படம். கம்ப்யூட்டர் அலசல் என்ற தாவலுக்குப் பக்கத்துத் தாவல். இதற்கு எஞ்சினுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வெள்ளையின் பட்டைகள் மேலே, கறுப்பின் பட்டைகள் கீழே. ஒரு பட்டையைத் தொட்டால் பலகை அந்த நகர்த்தலுக்குப் போகும். இந்தத் தளத்தில் பிளிட்ஸ் ஆடுகிறவருக்கு இதைவிட உபயோகமான பக்கம் வேறில்லை.

எப்படிப் படிப்பது? உதாரணத்துக்கு 3+0 ஆட்டம் (ஆளுக்கு 3 நிமிடம், நகர்த்தலுக்குக் கூடுதல் விநாடி 0), நீங்கள் கறுப்பு. இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6. நான்காவதாக வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கிறது. உங்கள் பட்டை அங்கே 22 விநாடி. யோசித்து டி5 தள்ளுகிறீர்கள், வெள்ளை வெட்டுகிறது, அடுத்த பட்டை 18 விநாடி. இரண்டு நகர்த்தலில் 40 விநாடி கரைந்தது. பிறகு நன்றாகவே ஆடி ஒரு காய் மேலே போகிறீர்கள். 36-வது நகர்த்தலில், 6 விநாடி மிச்சம் இருக்கும்போது யானையைத் தூக்கிக் கொடுக்கிறீர்கள். எஞ்சின் சிவப்புப் புள்ளி வைப்பது 36-ல். ஆட்டம் உடைந்தது 4-லும் 5-லும். கேரத்தில் ரெட்டைப் போட்டுவிட்டு ஃபாலோ போட முடியாமல் ரெட் திரும்ப போர்டுக்கு வருமே, நேரமில்லாமல் காய் மேலே இருப்பதும் அப்படித்தான்.

இதற்கு மருந்து யானை முடிவாட்டப் பாடம் இல்லை. ஐந்தாவதாகக் கை தானாகப் போவது குதிரையால் டி5-ல் திருப்பி வெட்டுவதற்கு. அங்கேதான் வெள்ளைக்கு எஃப்7-ல் குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை நடுப் பலகைக்கு இழுக்கும் வழி திறக்கிறது. சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் பிஷப்பைத் துரத்துவதுதான் காலங்காலமாக ஆடப்படும் பதில். இந்த ஒரு வரி தெரிந்தால் 40 விநாடி பையில். தொடக்க நகர்த்தல்களின் கணக்கைக் காட்டும் ஓபனிங் எக்ஸ்ப்ளோரரில் உங்கள் பெயரைக் கொடுத்துப் பார்த்தால், இதே நிலை எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை தோல்வி என்று தெரிந்துவிடும். அடிக்கடி வருவதை மட்டும் படியுங்கள். புத்தகம் முழுக்க மனப்பாடம் செய்ய பிளிட்ஸ் கேட்கவில்லை.

வேறு மாதிரிப் படங்களும் உண்டு. எல்லாப் பட்டையும் 2 விநாடி உயரத்தில் வரிசையாக நின்று, 110 விநாடி மிச்சம் வைத்துக்கொண்டே பிளண்டர் விழுந்தால், அது நேரப் பஞ்சம் இல்லை. எதிராளி கடைசியாக நகர்த்திய காய் இப்போது எதைத் தொடுகிறது என்று பார்க்காமல் ஆடும் பழக்கம். பிளண்டருக்கு அடுத்த நகர்த்தலில் 20 விநாடிப் பட்டை எழும் படம் இன்னும் அதிகம் வரும். காய் போன துக்கத்தில் கடிகாரத்தையும் கொடுக்கிற கதை. 3+0-ல் காய் போன பிறகும் ஜெயிக்கலாம். காயோடு 20 விநாடியும் போனால் எழுந்திருப்பது கஷ்டம்.

அளவு தெரிய வேண்டுமென்றால் 180 விநாடியை 40 நகர்த்தலுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நாலரை விநாடி. முதல் 10 நகர்த்தல் முடியும்போது 150-க்கு மேல், 25 முடியும்போது 70-க்கு மேல் இருந்தால் ஆரோக்கியம். கடைசி 20 ஆட்டத்தை எடுத்து, 10-வது நகர்த்தலில் இருந்த நேரம், மிக நீளமான பட்டை எந்த நகர்த்தலில், முதல் பெரிய தவறின்போது கடிகாரம் எவ்வளவு, ஆட்டம் எப்படி முடிந்தது, இந்த நான்கை ஒரு நோட்டில் குறியுங்கள். ஆட்டத்துக்கு மூன்று நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். ஜெயித்த ஆட்டங்களையும் சேர்க்க வேண்டும், பாதி நோய் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெரிய அளவில் பார்க்க, உங்கள் ஆட்டங்களின் மொத்தப் புள்ளிவிவரம் தரும் இன்சைட்ஸ் பக்கம் இருக்கிறது. ஆனால் துல்லியம் சார்ந்த கணக்குகளுக்கு அது கம்ப்யூட்டர் அலசல் கேட்ட ஆட்டங்களை மட்டுமே எடுக்கும். தோற்றதை மட்டும் அலசி வைத்திருந்தால் படமும் கோணலாகத்தான் வரும்.

'தவறுகளிலிருந்து கற்றுக்கொள்' என்ற பொத்தான் அருமை. நீங்கள் தவறிய இடத்தில் நிறுத்தி, விடையை மறைத்து, நல்ல நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்லும். குறை என்னவென்றால் எல்லாத் தவறையும் ஒரே தட்டில் வைக்கும். கிராண்ட்மாஸ்டரும் மூன்று நிமிடத்தில் பார்க்க முடியாத அமைதியான நகர்த்தலையும் கேட்கும். 10 விநாடிக்குள் விடை வராவிட்டால் தாண்டிப் போங்கள். காரணம் சொல்லாததும் ஒரு குறை. எஞ்சின் +1.8 என்று எண்ணைக் காட்டும், ஏன் என்று வாயைத் திறக்காது. இந்த இடத்தில் செஸ்.காம் தளத்தின் கேம் ரிவியூ மேல், வார்த்தையில் விளக்கும். ஆனால் இலவசக் கணக்குக்கு அங்கே வரம்பு உண்டு. அங்கே ஆடிய ஆட்டத்தின் பி.ஜி.என்னை (நகர்த்தல்களின் எழுத்துப் பதிவு) லிசெஸில் ஒட்டினாலும் எஞ்சின் அலசல் கிடைக்கும்.

இரண்டு தளத்திலும் ஆடுபவர்கள் ப்ரீமூவ் (எதிராளி யோசிக்கும்போதே முன்கூட்டி வைக்கும் நகர்த்தல்) வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். லிசெஸில் ப்ரீமூவுக்கு நேரமே கழியாது, ஆனால் ஒன்றுதான் வைக்கலாம். செஸ்.காமில் வரிசையாக வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0.1 விநாடி கழியும். 2 விநாடி வைத்துக்கொண்டு சிப்பாயை ஓட்டும்போது இது முடிவையே மாற்றும். எந்த ஆட்டம் எந்த வகையில் சேரும் என்பதிலும் குழப்பம் உண்டு. தொடக்க நேரத்தோடு இன்கிரிமென்ட்டை (ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் விநாடி) 40-ஆல் பெருக்கிக் கூட்டி லிசெஸ் வகை பிரிக்கிறது. 180 விநாடி முதல் 479 வரை பிளிட்ஸ். 2+1 என்றால் 160, அது இன்னும் வேகமான புல்லட். 5+5 என்றால் 500, சற்று மெதுவான ரேபிட். "நான் பிளிட்ஸ்தான் ஆடுறேன், ரேட்டிங் அசையவே இல்லையே" என்பவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். ரேட்டிங் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கும்வரை அந்த எண்ணை நம்பவே வேண்டாம், அது இன்னும் நிலைகொள்ளவில்லை.

அமைப்புகளில் சிலவற்றை இன்றே மாற்றலாம். காய் நகர்த்தும் விதத்தை 'இரண்டு கட்டத்தைத் தட்டுதல்' என்று வையுங்கள். போனில் இழுக்கும்போது விரலே கட்டத்தை மறைத்து, காய் பக்கத்துக் கட்டத்தில் விழுகிறது. சிப்பாய் தானாக ராணியாகும்படி வையுங்கள். 10 விநாடிக்குக் கீழே பத்தில் ஒரு பங்கு விநாடி தெரியட்டும். ஓடும் ரயிலில் ரேட்டிங் ஆட்டம் வேண்டாம். தண்டையார்பேட்டையை நெருங்கி மெட்ரோ சுரங்கத்துக்குள் இறங்கும்போது நெட் தடுமாறினால் உங்கள் கடிகாரம் நிற்காது. அந்த நேரத்தில் புதிர் போடுங்கள்.

புதிர் என்றதும் லிசெஸின் வேகப் புதிர் ஓட்டமான பசிள் ஸ்டார்ம் பக்கம்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். 3 நிமிடம், தவறினால் 10 விநாடி கழிவு, கண் வேகம் கூடும், நல்லதுதான். ஆனால் இங்கே ஏதோ அடி இருக்கிறது என்று புதிர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆட்டத்தில் யாரும் விசில் அடிப்பதில்லை. அதனால் புதிர்த் தலைப்புகளில் தொங்கும் காய், கடைசி வரிசை மேட், தற்காப்பு நகர்த்தல் மூன்றையும் கலந்து எடுப்பது மேல். வேகமாகக் காய் கொடுப்பவருக்கு மூன்றாவது மிக முக்கியம்.

இன்கிரிமென்ட் விஷயத்தில் சமரசம் வேண்டாம். முன்னேற நினைப்பவர் 3+2 ஆட வேண்டும். உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பும் அதே நேரக் கணக்கில்தான் நடக்கிறது. 60 நகர்த்தல் ஆடினால் கூடுதலாக 120 விநாடி கிடைக்கும். வென்ற நிலையை வென்று முடிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். 3+0-ல் டைம் அவுட்டில் கிடைக்கும் புள்ளி கையில் ஒன்றும் சேர்ப்பதில்லை.

கடைசியாக, போர்டு எடிட்டரில் ராஜாவும் யானையும் ஒரு பக்கம், ஒற்றை ராஜா மறுபக்கம் வைத்து, கம்ப்யூட்டரோடு ஒரு நிமிடக் கடிகாரத்தில் ஆடி, அரை நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் 16 நகர்த்தலுக்குள் மேட் வந்துவிடும், ராணியாக இருந்தால் 10. சாதாரணக் கை 20 நகர்த்தல் எடுத்தாலும் ஒன்றுக்கு ஒன்றரை விநாடி. பத்துக்கு எட்டு முறை அந்த அரை நிமிடத்துக்குள் முடிக்கிற வரைக்கும் 3+0 பக்கம் போகாதீர்கள்.