நிமோனியா வந்த கினிப்பன்றிக்கு: நோய்க்கால மாவா, ஊறவைத்த பெல்லட்டா?

சளியில் மூச்சு வாங்கும் கினிப்பன்றி சாப்பிடாமல் ஒரு நாள் போனாலே குடல் இயக்கம் நின்றுவிடலாம். மருந்தோடு, ஊட்டியும்விட வேண்டும். கோலாலம்பூரில் கையில் கிடைப்பவை இரண்டு.

கால்நடை மருத்துவரிடம் வாங்கும் நோய்க்கால மாவு நைசானது; நார்ச்சத்தும் வைட்டமின் சியும் சேர்ந்தது. வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் ஊசியில்லாத சிரிஞ்சில் எளிதாக இறங்கும். விலை கூடுதல். பிரித்த பொட்டலத்தை நம் ஊர் ஈரக்காற்றில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

திமோத்திப் புல்லில் செய்த உலர்தீவனக் குச்சியான பெல்லட் மலிவு, நள்ளிரவிலும் வீட்டில் இருக்கும். வெந்நீரில் ஊறவைத்து, பிளெண்டரில் அடித்து, ஆறவிட வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். திப்பி சிரிஞ்சு முனையை அடைக்கும். அழுத்தினால் மொத்தமும் பீய்ச்சி மூச்சுக்குழாய்க்குள் போகும். ஏற்கெனவே திணறும் நுரையீரல் அதைத் தாங்காது. வடிகட்டினால் தேவையான நாரும் போய்விடும். முனையை வெட்டி அகலப்படுத்தி, விளிம்பைத் தேய்த்து மழுக்குவதே மேல். பழைய பெல்லட்டில் வைட்டமின் சி குறைந்திருக்கும்; தனியாகக் கொடுக்க வேண்டும்.

எங்கள் தேர்வு மாவுதான். பெல்லட், கிளினிக் திறக்கும்வரை சமாளிக்க.

எதுவானாலும் 1 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லி, 4 முதல் 6 வேளையாக. நிமிர்ந்து உட்காரவைத்து, வாயோரமாக அரை மில்லி விடுங்கள், விழுங்கியபின் அடுத்தது. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் ஆன்டிபயாட்டிக்கைக் கலந்துவிடாதீர்கள், அது உயிரைப் பறிக்கும். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் ஊட்டவே கூடாது. உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.