பாசி ஸ்க்ரப்பர் செய்து தருகிறேன் என்பவர்களிடம் பணம் கட்டும் முன்

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் ஆர்டர் கொடுத்து பாசி ஸ்க்ரப்பர் (பாசியை வளர்த்தே தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் கருவி) செய்து வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு 14,500 ரூபாய் போனது. அதைவிட, ஐந்தே நாளில் 11 டர்போ நத்தைகளும் 2 கிளீனர் இறால்களும் செத்துப்போயின. அதில் ஒரு இறால் மூன்று வருடமாக என்னிடம் இருந்தது, தொட்டிக்குள் கையை விட்டால் ஓடிவந்து நக இடுக்கைச் சுத்தம் செய்யும். பணத்தை எப்படியாவது சம்பாதித்துக்கொள்ளலாம், அந்த இறாலை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வீடு சென்னை கொளத்தூர் பக்கம். 300 லிட்டர் தொட்டி, அதன் கீழே சம்ப் (பம்பும் வடிகட்டும் கருவிகளும் வைக்கும் துணைத் தொட்டி). ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், இரண்டு டாம்செல் மீன்கள், அப்புறம் இந்த நத்தைகளும் இறால்களும். பவளம் கிடையாது. நைட்ரேட் (மீன் கழிவாலும் மிஞ்சிய தீனியாலும் தண்ணீரில் சேருவது, பாசிக்கு உரம்) 40-க்குக் கீழே இறங்கவே இல்லை, கண்ணாடியிலும் கல்லிலும் பாசி. ஆர்.ஓ. தண்ணீரும் உப்பும் வாங்கி மாற்றி மாற்றிக் கை சலித்துப்போய்த்தான் ஸ்க்ரப்பர் பக்கம் போனேன்.

ஸ்க்ரப்பர் நல்ல பொருள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சொரசொரப்பான ஒரு வலைத் தட்டின் இரண்டு பக்கமும் தண்ணீர் மெல்லிய படலமாக வழிய வேண்டும், இரண்டு பக்கமும் பலமான விளக்கு எரிய வேண்டும். தொட்டிக்குள் வளரும் பாசி அந்தத் தட்டில் வளர்ந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்னும், நாம் வாரத்துக்கு ஒருமுறை சுரண்டி வெளியே எறிய வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஸ்மித்சோனியனில் இருந்த வால்டர் ஏடி என்ற விஞ்ஞானி பவளப்பாறைகளில் படரும் பாசியை ஆராய்ந்து உருவாக்கியது இது, 1982-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆக முறையில் கோளாறு இல்லை, எனக்குச் செய்து கொடுத்தவரிடம்தான் கோளாறு.

நகரத்துக்குள்ளேயே பட்டறை வைத்திருக்கும் ஆள். வீடியோவில் அவர் காட்டிய யூனிட்டில் பச்சைப் பாசி கம்பளம் மாதிரி தொங்கியது. “அண்ணே, பெருசா போட்டுக்கோங்க, பெருசா இருந்தா சீக்கிரம் இழுக்கும்” என்று 30-க்கு 30 சென்டிமீட்டர் தட்டைத் தலையில் கட்டினார். தட்டின் அளவு தொட்டியின் லிட்டரைப் பார்த்து வருவதில்லை, தினமும் எவ்வளவு தீனி போடுகிறோம் என்பதைப் பார்த்து வருவது. தினம் ஒரு கட்டி உறைந்த தீனிக்கு, இரு பக்கமும் விளக்குள்ள தட்டு சுமார் 75 சதுர சென்டிமீட்டர் போதும். நான் போடுவது இரண்டு கட்டி. 15-க்கு 10 தட்டே எனக்குத் தாராளம். இந்தக் கணக்கு எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தொழிலே அதுதானே. முழுப் பணமும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகும்போது, “ஸ்கிம்மரை நிறுத்திடுங்க, இனிமே தண்ணியும் மாத்த வேண்டாம்” என்றார். ஸ்கிம்மர் என்பது கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி. நானும் கேட்டேன். இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தட்டு முழுக்கப் பச்சை பிடித்து, டெஸ்ட் கிட்டில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய ஏற்பாடு எதையும் கழற்றக் கூடாது.

மூன்று வாரம் கழித்தும் தட்டு வெறும் பிளாஸ்டிக்காகவே இருந்தது. போன் செய்தால், “அண்ணே, ரெண்டு மாசம் ஆகும், பொறுமையா இருங்க” என்றே பதில். இதில்தான் நான் ஏமாந்தேன், நீங்களும் இதில்தான் ஏமாறுவீர்கள். ஏனென்றால் அந்தப் பதில் பாதி உண்மை. தட்டு நன்றாகப் பழகி பச்சை முடிப்பாசி பிடிக்க 4 முதல் 8 வாரம் ஆகும்தான். ஆனால் முதல் பத்து நாளிலேயே பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு வழவழப்புப் படலம் தட்டு முழுக்க ஏறியிருக்க வேண்டும். அதுகூட இல்லையென்றால் காத்திருப்பதில் அர்த்தமே இல்லை, தண்ணீரிலோ விளக்கிலோ தட்டிலோ குறை இருக்கிறது. அவர் பில்லில் எழுதியிருந்த “30 நாளுக்குள் திருப்பித் தரலாம்” என்ற கெடு, இந்தப் பொறுமையிலேயே கரைந்துபோனது.

சந்தேகம் வந்து ஒரு பக்கெட்டை எடுத்தேன். ஸ்க்ரப்பரிலிருந்து விழும் தண்ணீரைப் பிடித்தால் 10 லிட்டர் பக்கெட் நிறைய 50 விநாடி ஆனது, அதாவது மணிக்கு 720 லிட்டர். தட்டின் அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு மணிக்கு 130 லிட்டர் போல வேண்டும், 30 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 1,600. பம்பின் மேல் 1,500 என்று அச்சடித்திருந்தது, ஆனால் அது உயரமே ஏற்றாமல் பம்பு தரும் அளவு. ஒரு மீட்டர் மேலே ஏற்றினால் சின்ன பம்பு பாதிக்கும் கீழே போய்விடும். மேலே உள்ள குழாயில் நீளமாகப் பிளவு வெட்டாமல் வரிசையாக ஓட்டைகள் போட்டிருந்தார், அதனால் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது, நடுவில் எல்லாம் காய்ந்த திட்டுகள். தட்டைக் கழற்றித் தடவினால் கண்ணாடி மாதிரி வழவழ, பாசி வேர் பிடிக்க இடமே இல்லை. விளக்கு இரு பக்கமும் 660 நானோமீட்டர் சிவப்பு என்று சொல்லி விற்றது, பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் அலங்கார சிவப்பு ஸ்ட்ரிப், மறுபக்கம் சாதா வெள்ளை. அதன் டிரைவரை, அதாவது விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை, தண்ணீருக்கு நேர் மேலே, மூடியே இல்லாமல் தொங்கவிட்டிருந்தார். உப்பு ஏறிக் கிடந்த அதைத் தொட்டதும் சுரீர் என்று ஷாக் அடித்தது. வீட்டில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். அன்றே தொட்டி லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டினேன், உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

இதையெல்லாம் சரி செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலில் இரண்டு, மறுநாள் நான்கு. இறால்கள் கல்லின் அடியில் மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தன. அம்மோனியா பூஜ்யம், உப்பு அளவு 1.025, வெப்பம் 27, எல்லாம் சரி. மீன்கள் வழக்கம்போலத் தீனி தின்றன. அவரிடம் கேட்டால், “மீன் நல்லாதானே இருக்கு, என் யூனிட்ல கோளாறுன்னா மீன்தானே சாகணும்” என்றார். ஒரு நண்பர்தான் தண்ணீரில் காப்பர், அதாவது செம்பு, இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன், பூஜ்யமாக இருக்க வேண்டியது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டி நின்றது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தனித் தொட்டியில் போடும் காப்பர் மருந்தே லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம்தான். மீன் அதைத் தாங்கும், நத்தையும் இறாலும் அதைவிடக் குறைவிலேயே போய்விடும். மீன் உயிரோடு இருப்பதைக் காட்டி யாராவது உங்கள் வாயை அடைத்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வந்தது? தண்ணீர் ஏறும் குழாயில் பளபளவென்று ஒரு வால்வு மாட்டியிருந்தார், “ஸ்டீல்ணே, ஆயுசுக்கும் வரும்” என்று சொன்ன வால்வு. கழற்றிப் பார்த்தால் உள்ளே முலாம் உரிந்து, மஞ்சள் பித்தளை தெரிந்தது, திருகு மரையில் பச்சைக் களிம்பு. பித்தளையில் பெரும்பங்கு செம்புதான். உப்புத்தண்ணீர் ஐந்து வாரம் இரவும் பகலும் அதன் வழியாக ஓடியிருக்கிறது. 60 ரூபாய் பி.வி.சி. வால்வு போட்டிருந்தால் என் உயிர்கள் பிழைத்திருக்கும்.

போட்டோ எல்லாம் அனுப்பினேன். நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது, கெடு முடிந்துவிட்டது, வேண்டுமானால் வால்வை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றார்.

கார்பன், காப்பர் உறிஞ்சும் ரெசின், பத்து நாளில் நான்கு முறை தண்ணீர் மாற்றம் என்று போராடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறம் நானே ஒன்று செய்தேன், 3,800 ரூபாய் ஆனது. பாரிமுனையில் எம்பிராய்டரி சாமான் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ், அதை ரம்பப் பிளேடால் இரு பக்கமும் முள்முள்ளாக ஆகும்வரை கீறினேன். பி.வி.சி. குழாயில் 3 மில்லிமீட்டர் அகலத்தில் நேர்ப் பிளவு. பிளவின் மேல் வெளிச்சம் விழாமல் கறுப்புத் தகடு, இல்லையென்றால் அங்கேயே பாசி வளர்ந்து அடைத்துக்கொள்ளும். செடி வளர்க்கும் சிவப்பு விளக்கு இரு பக்கமும். முதல் சில வாரம் 9 மணி நேரம், பிறகு 14, அதுவும் தொட்டி விளக்கு அணைந்த பிறகு இரவில், அப்போதுதான் பிஎச் விழாது. பம்பை இன்வெர்ட்டரில் கொடுத்தேன், மே மாத வெயிலில் கரண்ட் போனால் தட்டு சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஐந்தாவது வாரம் பச்சை பிடித்தது. இப்போது எட்டு நாளுக்கு ஒருமுறை தட்டைச் சிங்க்குக்குக் கொண்டுபோய்ப் பழைய ஏ.டி.எம். அட்டையால் சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசுகிறேன். நல்ல தண்ணீர் பட்டால் பாசியைத் தின்னும் பூச்சிகள் செத்துவிடும், வேர் மட்டும் மிஞ்ச வேண்டும், தேய்த்துக் கழுவக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டால் அடிப்பாசி வெளிச்சமில்லாமல் அழுகிப் பிய்ந்து தொட்டிக்குள்ளேயே போய்விடும். நைட்ரேட் 10-க்கு வந்துவிட்டது, ஸ்கிம்மரை இன்னும் கழற்றவில்லை.

அந்த ஆள் இன்னும் அதே வீடியோவைக் காட்டி ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். யாரிடம் வாங்கினாலும் சரி, பளபளக்கும் உலோகம் எது இருந்தாலும் அதைப் பிளேடால் ஒரு ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள், மஞ்சள் தெரிந்தால் மாட்டவே விடாதீர்கள். ஏற்கெனவே இப்படி ஒன்று மாட்டிவிட்டு நத்தை ஏன் விழுகிறது என்று தெரியாமல் இருப்பவர்கள், கொளத்தூர் வரும்போது ஒரு சின்ன பாட்டிலில் தொட்டித் தண்ணீர் கொண்டுவாருங்கள், காப்பர் கிட்டில் இன்னும் முப்பது தடவைக்கு மேல் பார்க்க மருந்து இருக்கிறது.