திமிங்கலச் சுறாவைக் காண: மிதப்பதா, மூழ்குவதா?

முல்லைத்தீவில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் புதிதல்ல. ஆயினும் திமிங்கலச் சுறாவைக் காண மாலைதீவின் தெற்கு அரி பவளத்தீவுகளுக்குப் புறப்படுகிறவர்கள், மூச்சுக்குழாயோடு மிதப்பதா, காற்றுச் சிலிண்டரோடு மூழ்குவதா என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

எனது தெரிவு மிதத்தலே. நுண்ணுயிர்களை வடித்துண்ணும் இந்த மீன் அடிக்கடி நீர்மட்டத்துக்கு அருகிலேயே மெதுவாக நீந்துவதால், கண்ணாடியை நீரில் பதித்த கணமே சாம்பல் முதுகின் வெண்புள்ளிகளும், செவுளின் ஐந்து பிளவுகளும், வயிற்றோடு ஒட்டிவரும் ஒட்டுமீன்களும் வெயில் வெளிச்சத்தில் துலக்கமாகத் தெரியும். அப்புள்ளிகள் எங்கள் கைரேகை போன்றவை; ஆய்வாளர்கள் ஒவ்வொரு சுறாவையும் அவற்றைக் கொண்டே இனங்காண்கிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் நிங்கலூவில் ஒரு சுறாவருகே ஒரே நேரத்தில் 10 பேருக்கு மேல் நீந்த முடியாது. உடலிலிருந்து 3 மீற்றரும் வாலிலிருந்து 4 மீற்றரும் விலகியிருக்க வேண்டும். பிலிப்பைன்சின் டொன்சோலில் ஸ்கூபாவுக்கு, அதாவது சிலிண்டரோடு மூழ்குவதற்கு, அனுமதியே இல்லை.

மூழ்குதலுக்குப் பயிற்சிச் சான்றிதழ் தேவை. தொடக்கநிலையினருக்கு 18 மீற்றர் ஆழமே எல்லை. அவசரமாக மேலெழுந்தால் இரத்தத்தில் நைதரசன் குமிழாகும் ஆபத்து உண்டு என்பதை மன்னாரில் சங்கு குளிப்போர் நன்கறிவர். சுறா வேகமெடுத்தால் சிலிண்டரைச் சுமந்துகொண்டு பின்தொடரவும் இயலாது. ஆனால் பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகோசின் டார்வின் தீவருகே, நீரோட்டம் வலுத்த ஆழத்தில் கடந்துசெல்லும் பெரும் பெண் சுறாக்களைக் காண விரும்பும் அனுபவசாலிக்கு மூழ்குவதே வழி.