நான்கு டன் பெல்லட்டுக்குத் துணி சைலோ: வாங்கலாமா?

குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்கத் தேவையான மரப் பெல்லட்டை (மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சி எரிபொருள்) ஒரே தடவையில் வாங்கி வைக்க வேண்டுமென்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. 15 கிலோ பைகளாக வாங்கி அடுக்கலாம், ஒரு அறையையே சாய்தளம் போட்டுக் களஞ்சியமாக மாற்றலாம், இல்லையென்றால் இரும்புச் சட்டத்தில் தொங்கும் துணி சைலோ, அதாவது பெரிய சேமிப்புப் பை, ஒன்றை வாங்கி நிலவறையில் நிறுத்தலாம். நான் மூன்றாவதை எடுத்தேன். சில குளிர்காலங்கள் ஓடிவிட்டன. பொருள் நல்லது, வேலையும் மிச்சம். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் டன் கணக்கை அப்படியே நம்ப முடியாது, அப்புறம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பற்றிய எச்சரிக்கை முதல் பக்கத்தில் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

முதலில் எவ்வளவு பெல்லட் வேண்டும் என்பதைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சைலோவின் அளவை முடிவு செய்வது அதுதான். நல்ல பெல்லட் ஒரு கிலோவில் ஏறக்குறைய 4.8 கிலோவாட் மணி வெப்பம் இருக்கும் (ஈஎன்பிளஸ் என்ற பெல்லட் தரச்சான்றின் உயர்ந்த வகுப்பான ஏ1-இல் குறைந்தபட்சம் 4.6). வீட்டுக்கும் சுடுநீருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 15,000 கிலோவாட் மணி தேவை, பெல்லட்டை எரிக்கும் பாய்லரின் ஆண்டுச் சராசரித் திறன் 85 சதவீதம் என்று வைத்தால் சுமார் 3.7 டன் வருகிறது. குளிர் கொஞ்சம் நீண்டாலும் தாங்கட்டும் என்று 10 முதல் 15 சதவீதம் கூட்டிக்கொண்டால் 4.2 டன். ஏற்கெனவே சூடேற்றும் எண்ணெயை எரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டு கிலோ பெல்லட், பழைய பில்லில் உள்ள லிட்டர் கணக்கை எடுத்து இரண்டால் பெருக்கினால் போதும்.

எடை தெரிந்த பிறகு இடம். பெல்லட்டின் கொட்டு அடர்த்தி (இடைவெளிகளோடு கொட்டி வைத்தால் ஒரு கன மீட்டரில் இருக்கும் எடை) 600 முதல் 750 கிலோ வரை இருக்கலாம் என்று ஈஎன்பிளஸ் தரவிதியே அனுமதிக்கிறது, நடைமுறையில் 650 என்று எடுத்துக்கொள்வது நல்லது. 4.2 டன்னுக்கு ஆறரை கன மீட்டர். அதே வெப்பத்தை எண்ணெயாக வைத்திருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் பிடிக்கும், விறகாக அடுக்கியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிடிக்கும். பெல்லட் நடுவில் நிற்கிறது.

என் முதல் குறை இங்கேதான். நான் வாங்கிய சைலோவின் விவரத்தாளில் போட்டிருந்த டன் கணக்கு, அடர்த்தியின் மேல்வரம்பை வைத்து, பையை மூலைக்கு மூலை நிரப்பியதாகக் கற்பனை செய்து போட்ட கணக்கு. லாரியிலிருந்து குழாய் வழியாக ஊதும்போது பெல்லட் மூலை வரை போய் நிறையாது, நடுவில் கூம்பாகக் குவியும், ஓரங்களில் மேலே வெற்றிடம் நிற்கும். ஆகவே நடைமுறையில் ஏறுவது சொன்னதைவிடத் தெளிவாகக் குறைவு. வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த டன் கணக்கு எந்த அடர்த்திக்கு? பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் கன மீட்டரை மட்டும் கேட்டு வாங்கி 650-ஆல் நீங்களே பெருக்கிக்கொண்டு, அதிலும் கொஞ்சம் கழித்துவிடுங்கள். ஒரு அளவு பெரியதாக வாங்குவது வீண் செலவு இல்லை, ஏனென்றால் ஆண்டுக்கு ஒரே லோடில் முடிந்துவிட்டால் குளிர் உச்சத்தில், எல்லோரும் லாரிக்கு அலையும் நேரத்தில், நீங்கள் அலைய வேண்டாம்.

அடிப்பாகம் இரண்டு விதமாக வருகிறது. கூம்பு அடி உள்ளது எளிமையானது, பெல்லட் தானாக நடுவுக்கு வழிந்து வரும், ஆனால் கூம்புக்கு வெளியே இருக்கும் இடம் முழுக்க வீண். தட்டை அடியுடன் பக்கங்களை ஸ்பிரிங் தூக்கும் வகையில், எடை குறையக் குறைய துணியின் ஓரங்கள் மேலெழும்பிப் பெல்லட்டை நடுவுக்குத் தள்ளும், அதே தரைப்பரப்பில் கூடுதலாகப் பிடிக்கும். விலை கூடுதல், அசையும் பாகங்களும் கூடுதல். நிலவறையின் கூரை தாழ்வாக இருந்தால் ஸ்பிரிங் வகைதான் சரி, உயரம் தாராளமாக இருந்தால் கூம்பே போதும் என்பது என் எண்ணம். அறையையே களஞ்சியமாக்கிச் சாய்தளம் போடுபவர்களுக்கும் இதே கணக்குதான், 40 பாகையை ஒட்டிய சரிவு வேண்டும், அந்தச் சரிவுக்கு அடியிலும் நிரப்பும் குழாய்க்கு மேலேயும் போகும் இடத்தைக் கழித்தால் அறையின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும்.

பொருத்துவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டத்தைப் பூட்டி, துணியை மாட்டி, நிரப்பும் குழாயை வெளிச்சுவர் வரை கொண்டுபோய், பாய்லருக்கு உறிஞ்சு குழாயை இழுத்தால் முடிந்தது, இரண்டு பேர் இருந்தால் சிரமமில்லை. தரையை மட்டும் யோசியுங்கள். நான்கு டன்னும் நான்கு கால்களில் இறங்குகிறது, ஒரு காலுக்கு ஒரு டன்னுக்கு மேல். கான்கிரீட் தரை என்றால் காலுக்கு அடியில் தகடு கொடுத்தால் போதும், மரத்தரையில் வைக்கவே கூடாது. துணி சுவரில் உரசாத அளவுக்கு இடைவெளி விடுங்கள், நிரம்பியதும் அது நன்றாகப் புடைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நிரப்பும் குழாய்க்கு நிலஇணைப்பு கட்டாயம். பெல்லட் குழாயில் பாயும்போது நிலைமின்சாரம் சேரும், மரத்தூள் பறக்கும் இடத்தில் பொறி தட்டுவது யாருக்கும் வேண்டாம்.

ஈரம்தான் பெல்லட்டின் ஜென்ம விரோதி. 10 சதவீதத்துக்குக் குறைவான ஈரத்தோடு அழுத்திக் குச்சியாக்கிய மரத்தூள் அது, முக்கியமாக மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள்தான் பசைபோலப் பிடித்துவைக்கிறது. தண்ணீர் பட்டால் ஊதி, குச்சி வடிவம் கலைந்து, மறுபடி தூளாகிவிடும். ஊறிய கட்டி, பெல்லட்டை நகர்த்தும் திருகில் சிக்கினால் பாய்லர் நின்றுவிடும். பெரிய களஞ்சிய அறையில் தண்ணீர் புகுந்தால் வீங்கும் பெல்லட் சுவரையே தள்ளும் வலுவுள்ளது. துணி சைலோவின் நல்ல குணம், அது தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் விலகித் தொங்குகிறது, அதனால் சுவர் லேசாகக் கசிந்தாலும் சரக்குக்கு ஒன்றும் ஆகாது. பழைய காலத்துக் குதிர் மாதிரிதான், உள்ளே இருப்பது எலி தின்னாத சரக்கு என்பது ஒரு வசதி. அதற்காக ஈரம் சொட்டும் நிலவறையில் வைத்துவிட்டுத் துணியைக் குறை சொல்லக் கூடாது, அது காற்றை விடும் துணி, ஈரக் காற்றையும் விடும். வெளியில் கொட்டகையில் வைப்பதென்றால் மழையோடு வெயிலும் நேரடியாகப் படக் கூடாது, சூரிய ஒளி செயற்கை இழைகளை நாளடைவில் பலவீனப்படுத்திவிடும்.

லாரி வரும் நாள் சுவாரசியமானது. குழாய் 30 மீட்டருக்குள் இருந்தால் நல்லது, நீளமும் வளைவும் கூடக்கூட பெல்லட் உடைந்து தூள் அதிகமாகும், அதனால் வண்டி எங்கே நிற்கும் என்பதைச் சைலோ வாங்கும் முன்பே பாருங்கள், தெருவில் நின்றால் குழாய் எட்டாத வீட்டுக்கு இந்தச் சமாசாரமே வேண்டாம். நிரப்பும் முன் பாய்லரை நிறுத்தி ஆற விட வேண்டும். ஊதும் காற்று துணி வழியாகத்தான் வெளியேறும், எனவே அறையில் காற்று போக வழியும் வேண்டும். எனக்கு வந்த சைலோவில் நிரப்பு வாய்க்கு எதிரே உள்ளே ஒரு தடுப்புத் திரை தொங்குகிறது, அதில் மோதி விழுவதால் பெல்லட் அதிகம் நொறுங்குவதில்லை, இது நன்றாக யோசித்துச் செய்த விஷயம். துணி தூளை நிறுத்திவிடும் என்று விளம்பரம் சொல்கிறது. பெரும்பாலும் நிறுத்துகிறது. ஆனால் மெல்லிய தூசி தையல் வழியாக வரத்தான் செய்கிறது, பக்கத்தில் துணி காயப்போடும் கொடி இருந்தால் அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுங்கள்.

தூள் என்றதும் ஒரு கணக்கு. மொத்தமாக வாங்கும் ஏ1 பெல்லட்டில் ஏற்றும் இடத்தில் ஒரு சதவீதம் வரை தூள் இருக்கலாம். நான்கு டன்னில் 40 கிலோ! அதற்கு மேல் ஊதும்போது உடைவது வேறு. பாய்லர் இதில் பெரும்பகுதியைப் பெல்லட்டோடு சேர்த்தே எரித்துவிடும் என்றாலும், கொஞ்சம் கொஞ்சமாக அடியில் தங்கும். உறிஞ்சும் இடத்தில் தூள் குவிந்தால் பெல்லட் வராமல் காற்றை மட்டும் இழுத்துப் பாய்லர் பிழை காட்டும், அதுவும் இரவில்தான் காட்டும். இந்த சைலோவின் அடியில் சுத்தம் செய்யத் தனிக் கதவு வைக்கவில்லை, உறிஞ்சு தலையைக் கழற்றித்தான் கை விட வேண்டும். வேறு சில மாடல்களில் அடியில் ஜிப் இருக்கிறது, வாங்குபவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள். பெல்லட் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு சின்ன ஜன்னல் கூட இல்லை, துணியின் மேல் கையால் தட்டிப் பார்த்துத்தான் மட்டத்தை ஊகிக்கிறேன். இந்த விலைக்கு ஒரு கீற்று பிளாஸ்டிக் வைத்திருக்கலாம்.

இனி கார்பன் மோனாக்சைடு. பெல்லட் எரியும்போது மட்டும்தான் அந்த வாயு வரும் என்று நினைப்பவர்கள் பலர். சும்மா கிடக்கும் பெல்லட்டிலிருந்தே வரும். மரத்தில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடையும் ஆல்டிஹைடுகளையும் விடுகின்றன, கூடவே அறையின் ஆக்சிஜனும் குறைகிறது. உற்பத்தியான முதல் சில வாரங்களில் இது அதிகம், வெப்பம் கூடினாலும் அதிகம், பைன் மரத்தில் மற்றவற்றைவிட அதிகம். பெல்லட் களஞ்சியங்களுக்குள் இறங்கியவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள், கப்பல் கிடங்குகளிலும் சரி, வீட்டுக் களஞ்சியங்களிலும் சரி. புதுப் பெல்லட்டின் காரமான வாசனை ஆல்டிஹைடிலிருந்து வருவது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, எனவே மூக்கை நம்ப முடியாது. வீட்டு அளவிலான பெல்லட் சேமிப்பின் பாதுகாப்புக்கென்றே 2018-இல் ஐஎஸ்ஓ 20023 என்ற சர்வதேசத் தரவிதி வந்திருக்கிறது, அந்த அளவுக்கு இது முக்கியமான விஷயம்.

துணி வழியாகக் காற்று வெளியே வரும் என்றால் வாயுவும் வரும். ஆகவே சைலோ நிற்கும் அறைக்கு, வீட்டுக்கு வெளியே திறக்கும் காற்றோட்டம் நிரந்தரமாக இருக்க வேண்டும், குளிர் வருகிறது என்று அதை அடைக்கக் கூடாது. கதவருகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். சைலோவுக்குள் தலையை விடாதீர்கள், குழந்தைகள் அந்த அறையில் விளையாட வேண்டாம். அடியில் கை விட வேண்டுமென்றால் பாய்லரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக் குறைந்தது கால் மணி நேரம் காத்திருந்து, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுப் போங்கள். இதையெல்லாம் சைலோவோடு வந்த கையேடு ஒரு பத்தியில் முடித்துவிடுகிறது, சட்டத்துக்கு எந்த போல்ட் போட வேண்டும் என்பதற்கு மட்டும் எட்டுப் படம். இதற்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன்.

பைகளை எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 4.2 டன் என்றால் 280 பை. கடுங்குளிரில் எட்டு கிலோவாட் இடைவிடாமல் ஓடினால் நாளுக்கு மூன்று பைக்கு மேல் தூக்க வேண்டும், முதுகு சரியில்லாதவர்கள் யோசிக்கலாம். ஆனால் பையில் வரும் பெல்லட்டில் தூள் பாதிதான் அனுமதி, லாரி ஊதுவதால் உடைவதும் இல்லை, கிழிந்த ஒன்றிரண்டைத் தவிர வேறு நஷ்டமும் இல்லை. பைகளில் காற்று போக நுண்துளைகள் இருக்கும், அதனால் பிளாஸ்டிக்தானே என்று மழையில் விட்டுவிடக் கூடாது, அவற்றை அடுக்கும் அறைக்கும் காற்றோட்டம் வேண்டும். வரவேற்பறையில் ஒரு அடுப்பு மட்டும் வைத்திருப்பவருக்குப் பைதான் சரி, சைலோ வீண். வீடு முழுக்க, சுடுநீரோடு, மையப் பாய்லரில் ஓடுகிறது என்றால் சைலோ தன் விலையை உடல் உழைப்பில் திருப்பித் தருகிறது.

வசந்தத்தில் அரை டன் மிஞ்சினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: ஒன்றும் செய்ய வேண்டாம், உலர்ந்த இடத்தில் இருந்தால் பெல்லட் கெட்டுப் போகாது. மிச்சத்தின் மேலேயே புது லோடை ஊதிக்கொள்ளலாம். ஆனால் தொடர்ந்து அப்படியே செய்துகொண்டிருந்தால் அடியில் பழைய தூள் சேர்ந்துகொண்டே போகும், அதனால் இரண்டு மூன்று லோடுக்கு ஒரு தடவை சைலோவை முழுக்கக் காலியாக ஓட விட்டு, உறிஞ்சு தலையைத் துடைத்த பிறகு லாரிக்குச் சொல்லுங்கள், அதற்குத் தோதான நேரம் கோடை, விலையும் பெரும்பாலும் அப்போதுதான் இறங்கியிருக்கும்.