பி-யில் வைத்தால் வாணவேடிக்கையில் நிற்கும் கேமரா

என் சின்ன கேமரா நேற்றுதான் சர்வீஸிலிருந்து திரும்பி வந்தது. ஆறு வருடமாக இதோடுதான் குடித்தனம். பழுது லென்ஸிலும் இல்லை, சென்சாரிலும் இல்லை. மேலே இருக்கும் மோட் டயல், அதாவது படமெடுக்கும் முறையை எழுத்து வைத்துத் தேர்ந்தெடுக்கும் சக்கரம், தொளதொளவென்று ஆகி, பையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் தானாக ஒரு படி நகர்ந்துவிடும்.

நான் வைப்பது பி (P, புரோகிராம்). அதற்குப் பக்கத்து வீடு, காட்சிக்கேற்ற தயார் அமைப்புகள் கொண்ட சீன் மோட். அதில் கடைசியாகத் தேர்ந்தெடுத்தது வாணவேடிக்கை. ஷட்டர் 2 விநாடி திறந்தே கிடக்கும், ஃபோகஸ் தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தங்கை மகன் யாரும் பிடிக்காமல் முதன்முதலாக சைக்கிள் ஓட்டிய மாலையில் நான் எடுத்த படத்தில் வெளுத்துப்போன தெரு இருக்கிறது, நடுவே நீலமாக ஒரு இழுப்பு இருக்கிறது. அந்த இழுப்புதான் பையன்.

"இந்த மாதிரி ஒன்று வாங்கலாமா? அந்த எழுத்தெல்லாம் எனக்குப் புரியாதே" என்று நண்பன் கேட்டான். அவனுக்காகத்தான் இது.

ஆட்டோவை மறந்துவிடு. பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். விரல் நடுக்கம்கூடத் தெரிகிற வெளிச்சம். ஆட்டோ பளீரென்று ஃப்ளாஷ் அடித்தது. வெளிச்சமும் போச்சு, பாட்டியின் பொறுமையும் போச்சு. பி-யிலும் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளையின் அளவு), ஷட்டர் இரண்டையும் கேமராதான் முடிவு செய்யும். ஆனால் ஃப்ளாஷை அணைத்தால் அணைந்தே இருக்கும், ஐஎஸ்ஓவை (ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதை) நாம் சொல்லலாம், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, கூட்டிக் குறைக்கலாம். இந்தக் கடைசி வசதிக்காகவே இந்தக் கேமராவை மன்னிக்கலாம். எதைக் காட்டினாலும் நடுத்தர சாம்பலாக்கப் பார்ப்பது வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் சுபாவம். வெள்ளை விரிப்பில் படுத்த வெள்ளைப் பூனை அழுக்காகத்தான் வரும். எக்ஸ்போஷரை +1 வைத்தால் பூனை வெள்ளையாகிவிடும்.

எஸ் என்றால் ஷட்டர் வேகம் நம் கையில். கேனனில் இதையே டிவி என்று போட்டிருப்பார்கள். தொலைக்காட்சி இல்லை, டைம் வேல்யூ. நனைந்த நாய் உடம்பை உதறும்போது 1/2000 விநாடி வைத்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக நிற்கும். நிழலில் அதே வேகம் கேட்டால் ஐஎஸ்ஓ எகிறி, படமெங்கும் மணல் தூவியதுபோல் இருக்கும்.

ஏ தான் ஏமாற்று. அதில் அபர்ச்சர் நம் கையில். பின்னணி மங்கும் என்று நம்பித் திருகினேன். சென்சார் 1/2.3 அங்குலம், ரொம்பச் சின்னது. இந்த அளவுக்கு, துளை பெரிதாகத் திறந்திருக்கும் எஃப் 2.8-லேயே முன்னால் இருக்கும் முகமும் பின்னால் இருக்கும் மதிலும் ஒன்றாகத் தெளியும். துளையைச் சின்னதாக்கி எஃப் 8-க்குப் போனால், ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படமே மென்மையாகிவிடும். நியாயமாகச் சொன்னால், பூவுக்கு மிக அருகில் போகும்போது கொஞ்சம் பலிக்கிறது. எல்லாவற்றையும் நாமே வைக்க வேண்டிய எம்-ஐ, கேமராவை ஸ்டாண்டில் வைத்து நிலாவை எடுக்கத்தான் தொடுவேன்.

இப்போது டயலை இறுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எவ்வளவு இறுக்கம் என்றால், நகத்தால் நெம்பித்தான் திருப்ப வேண்டியிருக்கிறது. நாய் உதறி முடித்துத் தூங்கப் போய்விடும்.

அதனால் நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். "சரி, அப்போ உன்னுடையதை எனக்குக் கொடுத்துடு" என்றான். பேட்டரி சார்ஜில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.